அரிப்புக் குறிப்பேடு
ஜன்னல் வெயில் படும்போது ஐந்து வயதுக் குழந்தையின் கண்கள் பழுத்த இலை போல மஞ்சளாகத் தெரிகின்றன. பித்தநீர் ஈரலை விட்டு இறங்காத பிறவி நோய். உடம்பெல்லாம் ஓயாத அரிப்பு. குழந்தை அம்மாவின் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது. புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வின் நர்ஸ், அம்மா தினமும் எண் போட்டுவரும் குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். அரிப்பே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியவில்லையென்றால் நான்கு. போன மாதம் முழுக்க நான்கு. இந்த மாதம் முழுக்க ஒன்று, ஒரே மூச்சில் எழுதியதுபோல. குழந்தையின் கணுக்காலில் சொறிந்த ரத்தம் இன்னும் காயவில்லை. "நெஜமாவே குறைஞ்சிருக்காம்மா?" "ரொம்பத் தேவலை சிஸ்டர். குறையலேன்னா மருந்தை நிறுத்திடுவீங்களாமே, வெளியில பேசிக்கிட்டாங்க." "அப்படியெல்லாம் நிறுத்த மாட்டோம்மா. உள்ளதை எழுதுங்க." "உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்." ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வில் சில குழந்தைகளுக்கு வெறும் இனிப்புத் தண்ணீர்தான் தருவார்கள்; இந்தக் குழந்தைக்குத் தந்த புட்டியில் இருப்பது மருந்தா இனிப்புத் தண்ணீரா என்று நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அம்மா போட்ட எண்ணைத் திருத்தவும் நர்ஸுக்கு உரிமை இல்லை. ஒன்று, ஒன்று, ஒன்று என்று கணினியில் ஏற்றுகிறாள். எதிரே, குழந்தையின் சட்டைக்குள் நுழைந்த அம்மாவின் விரல்கள், வந்ததிலிருந்து முதுகைச் சொறிந்துகொண்டே இருக்கின்றன. "இன்னும் கீழம்மா" என்கிறது குழந்தை. விரல்கள் கீழே இறங்குகின்றன.