பலகைக்கு அந்தப் பக்கம்

லேப்டாப்பில் மறுபடியும் அதே எழுத்துதான் வந்து நின்றது: கம்ப்யூட்டரை எட்ட முடியவில்லை.

அவள் திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பாஸ்வேர்டை அடித்தாள்.

அவள் புருஷன் கட்டிலில் கிடந்தபடி பார்த்தான். பார்க்க மட்டும்தான் முடியும். சிமெண்ட் மூட்டையோடு, லாரிக்குச் சாய்த்துப் போட்ட ஏற்றுப்பலகையிலிருந்து சறுக்கி விழுந்ததில் இடுப்பு போய்விட்டது. புரண்டு படுக்க அவள் கை வேண்டும். ஒன்றுக்குப் போக அவள்தான் டப்பா பிடிக்க வேண்டும்.

லாரி ஆபீஸில் பில் போடுகிறவள் அவள். பில் இல்லாமல், லோடு ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டாது. முதலாளி நேற்றுச் சாயங்காலமே போனில் சொல்லிவிட்டார்.

“ஊட்ல இருந்தே வண்டிய அனுப்பிக் காட்டு. முடியலைன்னா வேற ஆளப் போட்டுக்கறேன். கோவிச்சுக்காத பரிமளம்.”

இன்னும் ஒரு வண்டியும் கிளம்பவில்லை.

விபிஎன் என்றால் என்ன என்று காலையில் அவன் கேட்டிருந்தான். அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“உங்க பலகையாட்டந்தானுங்க. இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் ஆபீஸ் கம்ப்யூட்டரு. நடுவுல பலகை. வேற எவனும் அதுல கால் வெக்க முடியாது.”

“சறுக்காதா?”

“பேசாமப் படுங்க.”

அவள் போன் ஸ்பீக்கரில் ஜெரால்டு இருந்தான். சேலத்தில் இருந்துகொண்டு நாலைந்து ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

“விபிஎன் கனெக்ட் ஆயிருச்சுங்க்கா. எனக்கு நல்லாத் தெரியுது. நீங்கதான் பாஸ்வேர்டைத் தப்பா அடிக்கறீங்க.”

“தப்பா அடிக்கல.”

“எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்வாங்க.”

 போட்டதையெல்லாம் அழித்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

ஃபேன் காற்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று லோடு ஆட்கள் சொல்வார்கள். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் பிடரியில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

நல்ல சுமைக்காரன் முதுகில் பாரம் இருக்கும்போது வாயைத் திறக்க மாட்டான். பதறவும் மாட்டான். பதறினவன் விழுவான்.

அவள் பதறவில்லை.

திடீரென்று விரல்கள் நின்றன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஜெரால்டு, லைன்லயே இரு.”

கட்டிலின் தலைமாட்டிலிருந்த புருஷன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஆபீஸ் கூட்டும் பாவாயியைக் கூப்பிட்டாள்.

“பாவாயிக்கா, தொடச்சுட்டு இருக்கீங்களா?”

“ஆமா கண்ணு. ஊட்டுக்காரரு எப்படி இருக்காரு?”

“இருக்காருங்க. மெயினை எறக்கி வெச்சிருக்கீங்களா?”

“பின்ன? ஈரக்கையோட ஷாக்கு வாங்கி உழுந்தது நீயா, நானா?”

அன்றிலிருந்து பாவாயி மெயினை இறக்காமல் ஈரத்துணியைத் தொடுவதில்லை. கேமராவும் நெட்டும் பேட்டரியில் ஓடும். அதனால்தான் ஜெரால்டுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் பேட்டரியில் இல்லை.

பலகை ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. அந்தப் பக்கம் வண்டி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

போனுக்குள் ஒரு லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

“அய்யோ, என்னாலயா கண்ணு? இந்தா, இப்பவே ஏத்தறேன்.”

“வேண்டாம். கையத் தொடைங்க. தரை காயட்டும். அப்புறம் ஏத்துங்க.”

“வண்டிக்காரன் கத்தறான்.”

“கத்தட்டும்க்கா.”

அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால் கத்தியிருப்பான். வேலையே போகப்போகிற நேரம். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இங்கிருந்து, ஏதோ ஒரு தரை காய்வதற்காகக் காத்திருந்தாள்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கூட இருந்தும் இப்படிப் பார்த்ததில்லை.

“காஞ்சிருச்சு. ஏத்திட்டேன்.”

“மேசைக்கு அடியில கறுப்புப் பெட்டி இருக்குதுங்களா? அதுல வட்டமா ஒரு பட்டன். அமுக்குங்க.”

“நானா? எதாச்சும் ஆச்சுன்னா மொதலாளி என்னியக் கொன்னுபோடுவாரு.”

“நான் இருக்கேன். அமுக்குங்க.”

போனுக்குள் பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் மறுபடி பாஸ்வேர்டை அடித்தாள். அதே பாஸ்வேர்டுதான்.

லேப்டாப்பில் வேறொரு திரை விரிந்தது. மாலை போட்ட லாரிப் படம். ஆபீஸ்.

“ஏ கண்ணு! இங்க அம்பு தானா நகருது!”

“நாந்தானுங்க்கா.”

“நீயா?”

“பாருங்க, வட்டம் போடறேன்.”

அந்தப் பக்கம் பாவாயி கெக்கெக்கென்று சிரித்தாள். இந்தப் பக்கம் ஜெரால்டும்.

அவள் சிரிக்கவில்லை. வண்டி நம்பர் அடித்தாள். எடை அடித்தாள். ஊர் அடித்தாள். மூட்டை கைமாறுகிற மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல்.

ஹாரன் நின்றது.

பிறகு முதலாளி கூப்பிட்டார்.

“வாசல்ல உன் செருப்பக் காணோம், பில்லு மட்டும் வந்து உழுகுது. ஆபீஸ்ல பேய் கீய் பூந்துருச்சா?”

“வண்டி போயிருச்சுங்களா?”

“போயிருச்சு. அடுத்தது நிக்குது, போடு. உங்க ஊட்டுக்காரன் எந்திரிக்கற வரைக்கும் இப்படியே ஓட்டு.”

போனை வைத்தாள். விரல்களை நீட்டி மடக்கினாள். அடுத்த பில்லை எடுத்தாள்.

“பரிமளம்.”

“என்னங்க?”

“தண்ணி குடு.”

அவள் சட்டென்று திரும்பினாள். நேற்று முதலாளி பேசி வைத்ததற்குப் பிறகு அவன் தண்ணீர் கேட்பது இதுதான் முதல் தடவை. குடித்தால் டப்பா பிடிக்க அவளை வேலையிலிருந்து எழுப்ப வேண்டுமே என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து, தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

சொட்டு விடாமல் குடித்தான்.

“இன்னும்” என்றான்.