பிழையில்லாத டேனிஷ்

அனுப்பிய மொழிபெயர்ப்பெல்லாம் திரும்பி வந்திருந்தது. ஒரு வரியில்கூடப் பிழை இல்லையாம்.

பிழை இல்லாததுதான் குறையாம்.

'சரியான டேனிஷ். ஆனால் வீட்டில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். நகராட்சிக் கடிதம் மாதிரி இருக்கிறது.' கோபன்ஹேகனில் உட்கார்ந்து சரிபார்க்கிறவர் எழுதியிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்.

பெருங்குடி அலுவலகத்தில், அவள் அந்தக் குறிப்பை மூன்று முறை படித்தாள்.

வேறெப்படி இருக்கும்?

ஏழு வருஷம் டென்மார்க்கில் இருந்தவளிடம் டேனிஷில் பேசியது யார்? கடிதங்கள்தான். விசாவுக்கு ஒன்று. விவாகரத்துக்கு ஒன்று. குழந்தை யாரிடம் இருக்கும் என்பதற்கு ஆறு. அகராதியும் கையுமாக ஒவ்வொரு சொல்லாகத் தோண்டிப் படித்தாள். 'உரிய தீர்வு காணப்படும்' என்று ஆறிலும் இருந்தது.

கண்டார்கள், மகராசர்கள். புருஷன் விசாவில் போனவள் சென்னைக்கு. அங்கே பிறந்த பிள்ளை அங்கேயே.

அந்த டேனிஷ்தான் இப்போது சோறு போடுகிறது.

ஏதோ ஒரு செயலிக்கான வரிகள். பழுது வந்தால் ஆள் பதறக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கே சிக்கல் என்று பார்ப்போம். வேறு வழி இருக்கும். இப்படி. அதிலும் ஒன்று மசியவே இல்லை. 'வீ வில் ஃபிகர் இட் அவுட்.' தமிழில் என்றால் 'பாத்துக்கலாம் விடு' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். டேனிஷில் எப்படிப் புரட்டினாலும் தீர்வு காணப்படும் என்றே வந்து நின்றது.

புதன்கிழமை. மகள் நறுமுகை பள்ளிக்கூடம் விட்டு வந்து பேசுகிற நாள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம். அதுவும் கடிதத்தில் இருக்கிறது.

பெற்ற பிள்ளையிடம் பாடம் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. கேட்டாள்.

"கண்ணு, ஏதாவது சரியா வரலேன்னு நீ அழுதா, வீட்ல என்ன சொல்லுவாங்க?"

திரையில் குழந்தை யோசித்தது. ஒன்பது வயது. பிறகு டேனிஷில் ஐந்தே சொற்களைச் சொன்னது. எல்லாமே சின்னச் சின்னச் சொற்கள். அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

"கிர்ஸ்டன் சொல்றது."

கிர்ஸ்டன் அப்பாவோடு இருக்கிறவள்.

"நீ போனப்ப டெய்லி சொல்வாங்க. கட்டிப் புடிச்சிக்கிட்டு. இப்பல்லாம் நான் அழறதில்லம்மா."

நல்ல பிள்ளை என்றாள் அவள். பிள்ளையின் அழுகையை நிறுத்தியவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. நேரம் முடிந்துவிட்டது.

அந்த ஐந்து சொற்களைத் தட்டச்சு செய்து, டேனிஷ் வீட்டில் வளர்கிற ஒருவரிடம் கேட்டது என்று ஒரு குறிப்போடு அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே பதில் இருந்தது. 'இதுதான். எங்கள் அம்மா சொல்கிற மாதிரியே இருக்கிறது. மற்றதையும் இவரிடமே கேட்டு எழுதுங்கள்.'

மிச்ச வரிகளை அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஒன்றுவிடாமல் கேட்டால் பதினைந்து நிமிடமும் சரியாக இருக்கும். அடுத்த புதன்கிழமை பிள்ளையிடம் வேறு எதுவும் பேச முடியாது.