பதின்மூன்றாவது கேள்வி

“அடையாள அட்டை யாரிட்ட இருக்கு?” என்று சோதனைக்கு வந்த அம்மா கேட்டதும், நாங்கள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கிக் காட்டினோம்.

கேட்டது முன்வரிசையில் நின்ற நிஸ்ரினிடம் மட்டும்.

நஜாத் நானாவின் முகம் தொங்கிவிட்டது. கற்பிட்டியில் நாங்கள் நண்டு உடைக்கும் தொழிற்சாலைக்கு அவர்தான் மேற்பார்வையாளர்; அண்ணன் முறைக்கு எங்கள் எல்லோருக்கும் நானா. சோதனையில் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளையும் பதில்களையும் நான்கு நாட்களாக எங்களை மதரஸாப் பிள்ளைகள் மாதிரி ஓத வைத்தவர். முதலாளியின் அலுமாரியில் பூட்டிக் கிடந்த எங்கள் அட்டைகளை அன்று காலையில்தான் கையில் தந்தார். மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பாவம், அவருக்கும் அவசரம். இந்தச் சோதனையில் தேறினால்தான் மகளின் நிக்காஹ்வுக்கு மூதூர் போகலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிக்காஹ் வெள்ளிக்கிழமை; பெண்ணின் தகப்பனாக அவர்தான் அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். அன்று புதன்.

எங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க, எங்கள் நண்டை வாங்கும் கம்பனி கொழும்பிலிருந்து அனுப்பிய அம்மா அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எத்தனை மணி நேரம் வேலை என்று என்னிடம் கேட்டார்.

“ஒருத்தரும் கட்டாயப்படுத்தயில்ல” என்றேன்.

அது ஏழாவதற்கான பதில். கேள்வியை முன்னும் பின்னுமாகக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

எப்படியோ பன்னிரண்டும் முடிந்தன. அந்த அம்மா தாளில் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். நஜாத் நானா எல்லோருக்கும் கேட்கும்படி அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

“சட்டம் கேக்கச் சொன்னது முடிஞ்சுது” என்று அந்த அம்மா தாளை மடித்து, நஜாத் நானாவின் பக்கம் திரும்பினார். “இது எங்கட கம்பனி கேக்கச் சொன்னது. உங்கட அட்டை எங்க?”

மேற்பார்வையாளரையும் கேட்பார்கள் என்று யார் கண்டது? அவர் திருதிருவென்று எங்களைப் பார்த்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் அது.

அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நிஸ்ரின் வாயசைத்தாள்: என்ட கையிலதான். நானும் அசைத்தேன். பிறகு முப்பது பேரும் அசைத்தோம். எங்கள் அட்டைகளைப் பூட்டி வைக்கிறார் என்று அத்தனை நாளும் நாங்கள் திட்டிய மனிதருக்காக.

அவருடைய கை சட்டைப்பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது.

“மொதலாளிட்ட” என்றார். “ஒம்பது வருஷமா.”

பிறகு, யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைக்கு எனக்கு அது வேணும்.”