மூன்றாவது துடிப்பு

"துடிக்குது," என்றார் மிஸ்டர் ஹார்கிரேவ், கண்களை மூடிக்கொண்டு. பழனிசாமியின் இடது பாதத்தின் மேல் அவருடைய இரண்டு விரல்கள் நகம் வெளுக்கும்படி அழுந்தியிருந்தன.

மெல்பர்னில் சர்ஜனை டாக்டர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கௌரவக் குறைச்சல், மிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும். ரத்தக் குழாய் வைத்தியத்தில் ஹார்கிரேவைத் தாண்டி ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று எவரும் விசாரித்ததில்லை.

பழனிசாமி சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் இங்கே வில்லியம்ஸ்டவுன் பட்டறைக்கு வந்தவர். முப்பது வருஷம் சிகரெட்டும் வெல்டிங் புகையும் இழுத்ததில் தொடைக்குள் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. நூறு அடி நடந்தால் கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும். டிராம் ஸ்டாப்புக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டும்.

நேற்று அதே காலிலிருந்து இன்னொரு குழாயை உருவி, அடைப்புக்கு மேலே ஒரு ஒட்டு, கீழே ஒரு ஒட்டு என்று பக்கத்திலேயே புது வழி போட்டிருந்தார்கள். உருவிய குழாய்க்குள் ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் வால்வுகள் உண்டாம். அதனால் தலைகீழாகத் திருப்பித் தைத்தார்களாம். பழனிசாமிக்கு இதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. பைப் வேலைதானே. ஒட்டு பிடித்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். பாதத்தில் விரலை வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

இன்று காலை ஐந்து மணிக்குப் பாதம் சில்லிட்டுப் போனது. விரல்கள் வேறு யாருடையவோ போல மரத்துக் கிடந்தன. சிஸ்டரிடம் சொன்னார், சிஸ்டர் எழுதிக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்பே வைதேகி என்ற தமிழ் டாக்டர் அவரை எச்சரித்திருந்தாள். கால் சில்லிட்டு ஆறு மணி நேரம் போனால் அப்புறம் அறுத்து எடுப்பதுதான் வழி. இப்போது மணி ஒன்பதே முக்கால். ஒற்றைக் கால் வெல்டருக்கு எந்தக் கப்பலில் ஏணி போடுவார்கள்?

ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை ஆஸ்பத்திரி வாங்கியிருந்தது. அது ஹார்கிரேவின் அலமாரிக்குள் பூட்டுப் போட்டுப் பத்திரமாக இருந்தது. விரலை நம்பாதவன் சர்ஜனே இல்லை என்பது அவர் கட்சி. லிஃப்டில் ஏறாமல் நான்கு மாடியும் நடந்தே வந்ததைச் சொல்லிக்கொண்டுதான் இன்றும் வார்டுக்குள் நுழைந்திருந்தார். மேலுதட்டு வியர்வை இன்னும் காயவில்லை.

"ஆனா ஒவ்வொரு மூணாவது துடிப்பையும் விடுது," என்றார். இந்த ஆளுக்கு இதயம் சரியில்லை, ஹார்ட் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று சிஸ்டருக்கு உத்தரவு போட்டார். சில்லிப்பெல்லாம் மனப்பிரமை, இவர்களுக்கு நம் ஊர்க் குளிர் பழகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்து அவருக்குக் கீழே இருந்த ஹட்சன் அழுத்திப் பார்த்தார். துடிக்கிறது, மூன்றாவதை விடுகிறது என்று அவரும் சொன்னார். அவருக்குப் பின்னால் இன்னொரு டாக்டர், அப்புறம் இரண்டு மாணவர்கள். பதவி இறங்க இறங்கத் துடிப்பு இன்னும் தெளிவாகக் கிடைத்தது. கடைசி மாணவன் பாதத்தைத் தொடுமுன்பே தலையை ஆட்டிவிட்டான்.

கட்டில் காலில் ஒரு சார்ட் தொங்கியது. மணிக்கொரு தடவை பழனிசாமியின் கைநாடியைப் பிடித்து, 'எழுபத்திரண்டு, சீர்' என்று சிஸ்டர் அதில் எழுதியிருந்தார். சிஸ்டர் எழுதியதைப் படிக்கிற ரகம் இல்லை ஹார்கிரேவ்.

வரிசையின் வாலில் நின்றாள் வைதேகி. மெட்ராஸில் நான்கு வருஷம் கத்தி பிடித்தவளை இங்கே ஊசி போட வைத்திருந்தார்கள். அவள் இந்த நாட்டில் டாக்டராக நீடிக்க ஹார்கிரேவின் கையெழுத்து வேண்டும்.

"டாக்டரம்மா, இது என் கால் மாதிரியே இல்ல," என்றார் பழனிசாமி. "அஞ்சு மணியிலேர்ந்து சொல்றேன். எல்லாரும் காலத் தொடுறாங்க, என்னை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

அவள் ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையைத் தோசைக்கல்லின் சூடு பார்ப்பதுபோல் லேசாகப் பாதத்தில் வைத்தாள். ஒரு நிமிஷம் அசையவில்லை. ஹார்கிரேவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால்ல நாடி இல்ல, சார்," என்றாள், பழனிசாமிக்கே புரிகிற இங்கிலீஷில்.

அப்படியானால் இத்தனை பேர் எண்ணியது என்ன என்று கேட்டார் ஹார்கிரேவ். குரலில் கையெழுத்து போடாத பேனாவின் தொனி இருந்தது.

"அழுத்திப் பிடிச்சா அவங்கவங்க ரத்தம்தான் அவங்கவங்க விரல்ல அடிக்கும், சார். இவர் கைநாடி எழுபத்திரண்டு. ஒண்ணக்கூட விடல."

ஹட்சன் மறுபடி தொட்டார், இந்தத் தடவை லேசாக. தரையைப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பதினொன்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. பழனிசாமிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

பெரிய மனிதர்கள் தப்பு செய்வதில்லை, பாதையை மாற்றிக்கொள்வார்கள். தனக்கும் முதலிலிருந்தே சந்தேகம்தான் என்றார் ஹார்கிரேவ். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்கள், ஒட்டை நானே திறந்து பார்க்கிறேன் என்று கோட்டைக் கழற்றினார்.

கோட்டை வாங்க நீட்டிய கையால் வைதேகி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதடுகள் எண்ணின. ஒன்று, இரண்டு. நின்றன. ஒன்று, இரண்டு. நின்றன.

"ஹட்சன் திறக்கட்டும், சார். அந்த ஹார்ட் டாக்டர் உங்களுக்கு."