சுக்கிர மூடம்

“நைனா, என்னை இன்னிக்கே அனுப்பி வையுங்க.”

பெண் தன் வாயால் இதைக் கேட்கக் கூடாதென்று அம்மா சொல்லியிருந்தும் அம்சா கேட்டுவிட்டாள்.

“மூடத்துலயா? சுக்கிரன் மறைஞ்சிருக்கறப்ப எவனாவது பொண்ண அனுப்புவானா? அது மறுபடி தெரியட்டும், அரக்கோணம் வந்து நானே ரயிலேத்தி உடறேன்” என்றார் அவள் அப்பா தேசப்பன்.

“போன மூடத்துலயும் இதையே சொன்னீங்க. அழுதுகினு இருந்துட்டேன்.”

“பத்து நாள்ல குடியா முழுகிடும்?”

“முழுகிடும். நான் என்ன மாமியார் வீட்டுக்கா போறேன்? பட்டணத்துல சுக்கிரனோட காத்தை ஆராய்ச்சி பண்ணப் போறேன். அது சூரியன்கிட்ட போய் மறையறப்பத்தான் அந்தக் காத்து டெலஸ்கோப்புல வளையமாத் தெரியும்.”

தேசப்பனின் குரல் இறங்கியது. “போன வாட்டியே சொல்லியிருக்கலாமே, கண்ணு?”

“சொன்னேன். நீங்க பஞ்சாங்கம் பார்த்துகினு இருந்தீங்க.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.