தாய்மாமன் முகம்

“இது யாரு? சொல்லு தம்பி, இது யாரு?”

பாண்டுரங்கன் கல்யாண ஆல்பத்தை மேஜை மேல் விரித்துப் போட்ட வேகத்தில் டீ டம்ளர் உருண்டது. திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்த இத்தனை வருடத்தில் பிரவீன்குமாரை யாரும் இப்படி வாசலில் ஆள் கூடும்படி கேட்டதில்லை.

ஆல்பத்தின் நடுவில், இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம். பாண்டுரங்கன் தன் மூத்த மகள் கலைமதியின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்கிறார். மகளின் கண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும் நீரும் தெரிந்தது, அப்பாவின் நரைத்த மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அவருக்குப் பின்னால் மட்டும், பட்டுச் சட்டை நிறத்தில் பெரிதாக ஒரு கலங்கல்.

“நான்தான்யா அது!” என்று கத்தினார் கலங்கலுக்குச் சொந்தக்காரர். பாண்டுரங்கனின் மச்சான் விருத்தாசலம். “பொண்ணுக்குத் தாய்மாமன்யா நான். என்னப் போயி புகை மாதிரி ஆக்கி வச்சிருக்கியே!”

பிரவீன் உருண்ட டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான். “திருவாமாத்தூர் கோயில் உள்ள இருட்டுங்க. ஐயரு வேற ஃப்ளாஷ் அடிக்க வேணாம்னுட்டாரு. அதான் புது லென்ஸப் போட்டேன். இருட்டுலயும் பளிச்னு எடுக்கும். ஆனா யாரைக் குறி வச்சமோ அவங்க மட்டுந்தான் தெரிவாங்க, பின்னாடி இருக்கறது கலங்கிடும். அது ஒரு அழகுங்க...”

“அழகா? எங்க அக்கா கல்யாணத்துல இருந்து இந்த வீட்டுல எந்த போட்டோவ எடுத்தாலும் மொதல்ல நான்தான் தெரிவேன். மாமா எங்கன்னுதான் தேடணும். வேணும்னா அவரையே கேளு!”

“ஆமா, தேடணும்” என்றார் பாண்டுரங்கன். பிறகு ஞாபகம் வந்தவர் போல மறுபடி மேஜையைத் தட்டினார். “மச்சான் மூஞ்சி எங்க தம்பி? என் வீட்டுக்காரிக்கு நான் என்னா பதில் சொல்றது?”

பிரவீன் இறங்கி வந்தான். “பழைய லென்ஸ்ல எடுத்ததும் ஒண்ணு கெடக்குங்க. கொஞ்சம் இருட்டா இருக்கும், ஆனா எல்லாரும் தெரிவாங்க. ஆல்பத்த வச்சுட்டுப் போங்க, இந்தப் பக்கத்த மட்டும் மாத்தித் தர்றேன்.”

அவன் கையை நீட்டியதும் பாண்டுரங்கன் சட்டென்று ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஒண்ணும் வேணாம். இது என்கிட்டயே இருக்கட்டும். நீ பண்ண லட்சணத்த நாலு பேரு பாக்கட்டும்!”

“ஆவணில சின்னவளுக்குக் கல்யாணம் வருதில்ல? அதுக்கு வேற ஆளப் பாத்துக்கலாம், வாங்க மாமா” என்று சொல்லிவிட்டு விருத்தாசலம் புல்லட்டைக் கிளப்பினார். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள்.

பிரவீனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. லென்ஸ் இன்னும் அவனுடையதுகூட இல்லை. விழுப்புரத்தில் கேமரா கடை வைத்திருக்கும் ராஜாமணி, பழக்கத்துக்காக, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் பார் என்று கொடுத்து அனுப்பியது. அன்றிலிருந்து வாங்கலாமா வேண்டாமா என்று மண்டை காய்ந்துகொண்டிருந்தது.

தான் எடுத்த படத்தைத் தானே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது இந்த லென்ஸ் வந்த பிறகுதான். பார்த்து என்ன செய்ய? இந்த ஊர்ப் பக்கம் கல்யாண ஆல்பம் என்றால் வந்த சொந்தக்காரர்களின் முகம் ஒன்று விடாமல் இருக்க வேண்டும். அழகாவது ஒன்றாவது!

செல்போன் அடித்தது. ராஜாமணிதான்.

“என்னாப்பா, லென்ஸ வச்சுக்கிறியா இல்லையா? கெடார்ல இருந்து ஒரு பார்ட்டி கேட்டுக்கினே இருக்கான். பேஜாரா போச்சு எனக்கு. வேணாம்னா ஜல்தியா கொண்டாந்து குடுத்துடு.”

பிரவீன் கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றினான். “கொண்டாந்துடறேன்ணே. எனக்கு இது ராசி இல்ல.”

லென்ஸைத் துடைத்தான். இரண்டு பக்கமும் மூடி போட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியைப் பைக்குள் திணித்தான். கடை ஷட்டரைப் பாதி இறக்கும்போது யாரோ குனிந்து உள்ளே நுழைந்தார்கள்.

பாண்டுரங்கன். வியர்க்க வியர்க்க நடந்தே வந்திருந்தார். ஆல்பம் இன்னும் கக்கத்திலேயே இருந்தது.

“இன்னும் திட்டணும்னா நாளைக்கு வாங்கய்யா” என்றான் பிரவீன், இருந்த பொறுமையும் போய். “நான் விழுப்புரம் கெளம்பிக்கினு இருக்கேன். அந்தப் பாழாப்போன லென்ஸத் திருப்பிக் குடுக்கணும்.”

“ஐயய்யோ, குடுத்துட்டியா?”

“இனிமேதான். தோ, பையில இருக்குது.”

பாண்டுரங்கன் மூச்சு விட்டார். குனிந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “மச்சான டீக்கடையில உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை மேஜை மேல் மெதுவாக வைத்தார். அதே நடுப்பக்கத்தைத்தான் பிரித்தார். தோளில் கிடந்த துண்டால் படத்தை ஒரு முறை துடைத்துவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுல நான் நல்லாத் தெரியறேன் இல்ல?”

“தெரியறீங்க.”

பாண்டுரங்கன் பிரவீனின் பையிலிருந்து பெட்டியைத் தானே எடுத்து, அவன் கையில் வைத்து அழுத்தினார்.

“வாங்கிடு தம்பி, ஆவணிலயும் என் பின்னாடி அவன்தான் நிப்பான்.”