நெட் இல்லாத நாலு நாள்

"எனக்கு இந்த ஊரு போதும். டிக்கெட்டை மாத்துங்க, கெளம்பிருவோம்" என்றாள் சண்முகத்தாய்.

அவர்கள் சிங்கப்பூர் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் மூன்று வாரம் பாக்கி. அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இருவரும் புறப்பட்டபோது, தெருவே வந்து வேன் ஏற்றிவிட்டிருந்தது. பாதியில் திரும்பிப் போனால் பார்க்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று வெள்ளைத்துரை யோசித்தார்.

மனைவிக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. மகன் செழியனிடம் பேசி நாலு நாள் ஆகிறது, அதுதான்.

அச்சங்குளத்தில் இருந்தவரை அது தவறியதே இல்லை. கம்பெனி விட்டு வந்து, கையில் ஒட்டிய அலுமினியத் தூளைத் தேய்த்துக் கழுவி, அவள் காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்துக்குச் சரியாக செழியன் வீடியோவில் வந்துவிடுவான். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்தபடியே அரை மணி நேரம் பேசுவாள். என்ன சாப்பிட்டான், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தானா, அவ்வளவுதான். அதிலேயே அவளுக்கு அன்றைய அலுப்பு இறங்கிவிடும்.

இங்கே அந்த அரை மணி நேரத்துக்குத்தான் வழியில்லை. சாத்தூரில் வாங்கிய சிம், விமானம் ஏறியதோடு செத்துப்போனது. வெளிநாட்டிலும் வேலை செய்யும்படி பணம் கட்டச் சொன்னார்கள். தொகையைக் கேட்டதும் வெள்ளைத்துரை வேண்டாம் என்றுவிட்டார். தங்கிய இடத்தில் இருந்த வைஃபை இரண்டாம் நாளே பழுது. சரிசெய்ய ஆள் அடுத்த வாரம்தான் வருமாம்.

பெரிய கடைகளில் நெட் இலவசம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனார்கள். அது ஒரு நம்பர் அனுப்புவதாகச் சொன்னது. எந்த போனுக்கு அனுப்பும்? செத்துப்போன சிம்முக்கு.

ஒரு காபிக் கடையில் காபி வாங்கினால் நெட் கொடுத்தார்கள். கசப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். செழியன் எடுக்கவில்லை. வேலையில் இருப்பான் என்று சமாதானம் சொல்லி வெள்ளைத்துரை அவளைக் கூட்டிவந்தார். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அதனால்தான் மறுநாள் காலையில் அவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அவளையும் கிளப்பி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு வந்தார்.

ஒரு சின்ன செல்போன் கடை. சுற்றுலாக்காரர்களுக்கான சிம்மை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். விலையைக் கேட்டுவிட்டு வெள்ளைத்துரை படியிறங்கப் போனார். அவர் மனைவியிடம் முணுமுணுத்த பேச்சு கடைக்காரரின் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பக்கம்?"

அச்சங்குளம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பெயர் முனியசாமி, சொந்த ஊர் வெம்பக்கோட்டை, வந்து இருபது வருசமாகிறது என்றார். அணையில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்தார். பாதி கிடக்கிறது என்றார் வெள்ளைத்துரை.

முனியசாமி முதலில் காட்டிய சிம்மை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். "இது நம்ம பயலுக வாங்குறது. அதுல பாதி வெலை கூடக் கெடையாது. நீங்க போற வரைக்கும் ஆசை தீரப் பேசலாம்."

பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்தபடியே, யாரிடம் பேச என்று கேட்டார். மகனிடம் என்றாள் சண்முகத்தாய். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவர்தானா என்றார். ஆமாம் என்றாள்.

"என்ன வேலை பாக்குறாரு?"

"கம்பெனி வேலை" என்றார் வெள்ளைத்துரை. "இப்ப ரெண்டு ஷிப்டு."

"இருக்காதா பின்ன? பட்டாசு சீசனாச்சே. ஆர்டர் எடுத்து, லோடு ஏத்தி, மூச்சு விட நேரம் இருக்காது. ஆனாலும் தாய் தகப்பனைச் சிங்கப்பூரு அனுப்பி வச்சாரு பாருங்க, நல்ல பிள்ளை."

சண்முகத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நல்ல பிள்ளைதான்யா" என்று வெள்ளைத்துரை முந்திக்கொண்டு பேச்சை முடித்தார்.

சாயங்காலம் அவள் குளித்து, தேக்காவில் வாங்கிய பூவை வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே செழியன் எடுத்துவிட்டான். சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது, மடியில் பொட்டலம் பிரித்திருந்தான்.

"எம்மா, நெட்டு கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு ராசா. என்ன இப்பிடி எளைச்சுப் போய்க் கெடக்கே?"

அவ்வளவுதான். குழம்பு எப்படி, சட்டை எப்போது துவைத்தாய், தலைமுடியை வெட்டக் கூடாதா என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். அவன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். அவள் சிரித்தாள். டிக்கெட் மாற்றுவதைப் பற்றி இனி பேச மாட்டாள் என்று வெள்ளைத்துரைக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தப் பக்கம் மணி அடித்தது. செழியன் அவசரமாக எழுந்தான்.

"இந்தக் கப்பல் வேலை முடியிற வரைக்கும் இப்பிடித்தாம்மா, கோவிச்சுக்காதீக. கதவைப் பூட்டிட்டு எங் கட்டில்லயே படுத்துக்கோங்க, எங்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. நான் வீட்டுக்கு வாரப்ப தூங்கியிருப்பீக, நீங்க முழிக்கிறதுக்குள்ள கெளம்பிருவேன். நாளைக்கும் இதே நேரத்துக்குப் போன்லயே பாத்துக்கிருவோம்."